தேங்காய் எண்ணெயைக் கொஞ்சம் சும்மா விடுங்கோ

மாமாவுக்கு 54 வயது. சீனி வருத்தம் வந்து ஒன்பது வருஷம். போன வருஷம் ஆடி மாதத்தில் இருந்து காலமை எழும்பினவுடன் வெறுவயிற்றில் இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் குடிக்கத் தொடங்கினார். எல்லாம் வட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவால். கழுத்தில் ஸ்ரெதஸ்கோப் தொங்க ஒருவர் அழகான தமிழில் சொல்கிறார்: எங்கள் முன்னோரின் அமிர்தம் இது, இதைக் குடித்தால் இன்சுலின் தானாக வேலை செய்யும், மருந்துக் கொம்பனிக்காரர்தான் இதை மறைக்கிறார்கள். மாமா யாரையும் கேட்காமல் மெற்ஃபோமின் குளிசையைப் பாதியாக்கினார். நாலு மாதம் கழித்து கிளினிக்கில் பார்த்தபோது ஃபாஸ்ரிங் சுகர் 287.

"ராத்திரி மூண்டு இடியப்பம்தான் ராசா சாப்பிட்டனான். பிறகு தண்ணிதான். ஒண்டும் சாப்பிடாமல் விடியக்குள்ள எப்பிடியடா சீனி ஏறும்?" என்று என்னைக் கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

அன்றைக்குக் கிளினிக்கில் கிடைத்த பதில் வேறு. வெளியே நூறு பேர் நம்பரோடு நிற்கிறார்கள், உள்ளே ஒரு ஆளுக்கு இரண்டு நிமிஷம். "எண்ணெயை விடுங்கோ, தேங்காயை விடுங்கோ, கொழுப்பு ஒண்டும் வேண்டாம்." அவ்வளவுதான். அன்றிலிருந்து மாமி பால் விடாமல் சொதி வைக்கிறா. வீட்டில் எல்லாரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். மாமாவோ பின்னேரம் இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீயும் பிஸ்கற்றுமாக இருக்கிறார். கேட்டால், "இதில கொழுப்பு இல்லைத்தானே?"

வீடியோக்காரர் ஒரு பக்கம், "கொழுப்பை விடு" கட்சி மறுபக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் எங்கட சனம் நசிபடுகிறது. எனக்கு இரண்டு பக்கத்திலும் கோபம் இருக்கிறது. ஒரு போத்தலைக் காட்டி இது அமிர்தம் என்கிறார்கள், அதே போத்தலைக் காட்டி இது நஞ்சு என்கிறார்கள். 2018 இல் ஜேர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் கரின் மிஷெல்ஸ் ஒரு விரிவுரையில் தேங்காய் எண்ணெயை "சுத்த நஞ்சு" என்றே சொன்னார், உலகம் முழுக்கச் செய்தியானது. இந்தச் சண்டையில் யார் வென்றாலும் மாமாவின் 287 இறங்காது.

முதலில் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

எங்கட பழைய வீடுகளில் நெல்லுப் போட்டு வைக்கப் பத்தாயம் இருந்தது. தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பிழையம்தான் உடம்பின் பத்தாயம். மிஞ்சின சக்தியைக் கொழுப்பாக்கி அங்கே பாதுகாப்பாக வைத்திருப்பது அதன் வேலை. அது கெட்ட பொருள் இல்லை. பத்தாயம் நிரம்பின பிறகும் மூட்டை வந்துகொண்டே இருந்தால்தான் கரைச்சல். மூட்டையைக் குசினிக்குள்ளும் படுக்கை அறைக்குள்ளும் அடுக்க வேண்டிவரும். உடம்பில் குசினி என்பது ஈரல், படுக்கை அறை என்பது தசை. கொழுப்பு இருக்கக்கூடாத இடங்கள் இவை.

சாப்பிட்ட பிறகு சதையி இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலின் தசைக்கு "குளுக்கோஸை உள்ளே எடு" என்கிறது. ஈரலுக்கு "நீ குளுக்கோஸ் செய்வதை நிறுத்து" என்கிறது. கொழுப்பிழையத்துக்கு "கொழுப்பமிலங்களை வெளியே விடாதே" என்கிறது. ஈரலுக்குள்ளும் தசைக்குள்ளும் கொழுப்புக் குவிந்தால் டயசில்கிளிசரோல், செரமைட் போன்ற பொருட்கள் கலங்களுக்குள் சேர்ந்து இந்தச் செய்தியைக் குழப்புகின்றன. இன்சுலின் கதவைத் தட்டுகிறது, உள்ளே கேட்கவில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம். சதையி இன்னும் சத்தமாகத் தட்டுகிறது, அதாவது இன்னும் அதிகம் இன்சுலின் சுரக்கிறது. வருஷக்கணக்கில் தட்டிக் களைத்துப் போகிறபோது சீனி வருத்தம் வெளியே தெரிகிறது.

மாமாவின் கேள்விக்குப் பதில் இதுதான். ராத்திரி முழுக்க அவர் சாப்பிடவில்லை, ஆனால் அவரின் ஈரல் தூங்கவில்லை. இன்சுலின் சொல்வது கேட்காததால் அது குளுக்கோஸைச் செய்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருந்தது. கொழுப்பிழையமும் கேட்காமல் கொழுப்பமிலங்களை விட்டுக்கொண்டிருந்தது. குளிசையின் முக்கிய வேலை ஈரலின் அந்த உற்பத்தியைக் குறைப்பது. அதைத்தான் அவர் பாதியாக்கினார். அதோடு ஏற்கெனவே நிரம்பின குசினிக்கு ஒவ்வொரு விடியலும் இன்னொரு மூட்டையும் அனுப்பினார்.

மூட்டையின் கணக்கு இது. இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் என்றால் கிட்டத்தட்ட 240 கலோரி. அதில் நிரம்பிய கொழுப்பு மட்டும் 22 கிராம் அளவில். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் சக்தியில் 10 சதவீதத்துக்கு மேல் நிரம்பிய கொழுப்பில் இருந்து வரவேண்டாம் என்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது ஏறத்தாழ 22 கிராம். பல்லு விளக்கின கையோடு மாமா ஒரு முழு நாளின் அளவை முடித்துவிட்டார். வழமையான சாப்பாட்டில் எதையும் குறைக்கவுமில்லை.

"எந்தக் கொழுப்பு என்பதில் வித்தியாசமே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் வீடியோக்காரர் சொல்கிற திசையில் இல்லை.

2018 இல் பின்லாந்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். உடல் எடை கூடின 38 பேருக்கு மூன்று கிழமை, ஒரு நாளைக்கு 1000 கலோரி மேலதிகமாகக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வெண்ணெய், சீஸ், தேங்காய் எண்ணெய் போன்ற நிரம்பிய கொழுப்பு. இன்னொரு குழுவுக்கு ஒலிவ் எண்ணெய், கொட்டைகள் போன்ற நிரம்பாத கொழுப்பு. மூன்றாவது குழுவுக்கு இனிப்புப் பானமும் இனிப்பும். ஈரல் கொழுப்பு முதல் குழுவில் 55 சதவீதம் கூடியது. இரண்டாவதில் 15. சீனிக் குழுவில் 33. இன்சுலின் எதிர்ப்பும் செரமைட்டும் ஏறியது நிரம்பிய கொழுப்புக் குழுவில். இதற்கு முன், 2014 இல், சுவீடனில் 39 இளைஞர்களுக்கு ஏழு கிழமை மஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பாம் எண்ணெயில் செய்தது, மற்றவர்களுக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவில், சுமார் 1.6 கிலோ, எடை கூடினார்கள். ஈரலில் கொழுப்பு நன்றாக ஏறியது பாம் எண்ணெய்ப் பக்கம்.

எண்ணெய்க் கடைக்காரர் இதை வைத்து "நிரம்பாத எண்ணெய் எவ்வளவு வேண்டுமானாலும் குடியுங்கோ" என்று விளம்பரம் போடுவதற்கு முதல் இன்னும் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2001 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் ஐந்து நகரங்களைச் சேர்ந்த 162 பேர் மூன்று மாதம் பங்குபற்றினார்கள். நிரம்பிய கொழுப்புச் சாப்பிட்டவர்களின் இன்சுலின் உணர்திறன் 10 சதவீதம் குறைந்தது, ஒலிவ் எண்ணெய் வகைக் கொழுப்புச் சாப்பிட்டவர்களில் குறையவில்லை. ஆனால் மொத்தச் சக்தியில் 37 சதவீதத்துக்கு மேல் கொழுப்பிலிருந்தே எடுத்தவர்களில் அந்த நன்மை காணாமல் போனது. பிறகு ஐரோப்பாவின் எட்டு நாடுகளில், ஏற்கெனவே வயிறு பருத்து, சீனியும் பிரஷரும் எட்டிப்பார்க்கத் தொடங்கின நானூறுக்கு மேற்பட்டவர்களில் 12 கிழமை இதேபோல் கொழுப்பின் வகையை மாற்றிப் பார்த்தார்கள். இன்சுலின் உணர்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது ஒன்றுதான். எந்தக் கொழுப்பு என்பது இரண்டாவது கேள்வி. பத்தாயம் நிரம்பி வழிகிறதா, எதற்குப் பதிலாக எதைச் சாப்பிடுகிறோம் என்பது முதல் கேள்வி. 2016 இல் 102 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வும் இதைத்தான் காட்டியது. நிரம்பிய கொழுப்புக்கோ மாச்சத்துக்கோ பதிலாகப் பல்நிரம்பாத கொழுப்பை வைத்தால் சீனிக் கட்டுப்பாடு கொஞ்சம் நல்லாகிறது. பதிலாக வைத்தால் என்று சொல்கிறேன், கவனியுங்கோ. மேலே ஊற்றினால் இல்லை.

இனி "கொழுப்பை விடு" கட்சிக்கு வருகிறேன். நிரம்பிய கொழுப்பில் ஈரலுக்கு அதிகம் தொந்தரவு தருவதாகப் பேசப்படுவது பாமிற்றிக் அமிலம். இந்தப் பாமிற்றிக் அமிலத்தை நீங்கள் வாயால் சாப்பிடத்தான் வேண்டும் என்றில்லை. தேவைக்கு மேல் சீனியும் மாச்சத்தும் போனால் ஈரல் தானே அதைச் செய்கிறது. இரண்டு கரண்டி சீனி போட்ட பிளேன்ரீ ஒரு நாளைக்கு ஐந்து குடித்தால் கிட்டத்தட்ட 40 கிராம் சீனி. கோப்பைக்குள் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ஈரலுக்குள் எண்ணெய் தயாராகிறது. கொழுப்பைப் பயமுறுத்தி, சீனியையும் வெள்ளைச் சோற்றையும் பாணையும் பற்றி வாய் திறக்காமல் விட்டால், ஒரு வாசலை மூடி மற்ற வாசலைத் திறந்து வைக்கிற கதைதான்.

மற்றப் பக்கத்தின் பெரிய துருப்புச் சீட்டு "எங்கட அப்பப்பா, அப்பம்மா தேங்காயில்தானே வளர்ந்தவை?" என்பது. உண்மை. ஆனால் அவர்கள் எண்ணெயைக் கரண்டியில் குடித்து வளரவில்லை. சம்பலிலும் சொதியிலும் கொஞ்சமாக, தோட்டம் கொத்தி, தண்ணி இறைத்து, சைக்கிள் உழக்கின உடம்புக்குச் சாப்பிட்டார்கள். பசிபிக் தீவான டொக்கலாவுவில் ஒரு காலத்தில் சனங்களின் சக்தியில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து வந்தது. அங்கிருந்து நியூசிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் நிரம்பிய கொழுப்பு குறைந்தது, சீனி கூடியது, எடை கூடியது. அவர்களில் நீரிழிவு தீவில் இருந்தவர்களை விட அதிகமாக வந்தது. தேங்காய்தான் எல்லாத்துக்கும் குற்றவாளி என்கிறவர்களுக்கும் இந்தக் கதை இடிக்கும். தேங்காய் காப்பாற்றும் என்கிறவர்களுக்கும் இடிக்கும். அந்தத் தீவின் வாழ்க்கை முறையைப் போத்தலில் அடைத்து விற்க ஏலாது.

"தேங்காய் எண்ணெயில் நடுச்சங்கிலிக் கொழுப்பு இருக்கு, அது கொழுப்பாகச் சேராது" என்பது அடுத்த வசனம். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்படுத்தியது எட்டு, பத்துக் காபன் கொண்ட அமிலங்களைப் பிரித்தெடுத்த விசேட எண்ணெய். எங்கட தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லோரிக் அமிலம், பன்னிரண்டு காபன். அதன் பெரும்பகுதி மற்ற நீளமான கொழுப்பமிலங்கள் போகிற வழியிலேயே உடம்புக்குள் போகிறது. ஒரு பொருளில் செய்த ஆய்வை இன்னொரு பொருளின் போத்தலில் ஒட்டுவதற்குப் பெயர் மோசடி. 2020 இல் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மற்ற மரக்கறி எண்ணெய்களோடு ஒப்பிடுகையில் தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ரோலைக் கூட்டியது. இரத்தச் சீனியில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அமிர்தமும் இல்லை, நஞ்சும் இல்லை. ஒரு சமையல் எண்ணெய். அவ்வளவுதான்.

இதெல்லாம் வயசு போனவர்களின் பிரச்சினை, எங்களுக்கென்ன என்று நினைக்கிற பெடியளுக்கும் பெட்டையளுக்கும் இரண்டு இலக்கம். 2005–06 இல் இலங்கை முழுக்கச் செய்த ஆய்வில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு. 2018–19 இல் செய்த இன்னொரு தேசிய ஆய்வில் வளர்ந்தவர்களில் சுமார் 23 சதவீதம். அளந்த முறைகள் வேறு வேறு, ஒன்றோடொன்று நேராக வைத்துக் கழிக்கக் கூடாது. ஆனால் நாலு பேரில் ஒருவருக்குக் கிட்ட வந்துவிட்ட ஒரு வருத்தத்தை "வயசு போனால் வரும்" என்று தட்டிக் கழிக்க முடியாது.

"நான் மெல்லிசுதானே" என்பதும் எங்களுக்குக் காப்பு இல்லை. 2004 இல் லான்செற் இதழில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே போட்டார்கள். ஒருவர் பிரித்தானியாவின் ஜோன் யட்கின், மற்றவர் இந்தியாவின் பூனே நகரத்துச் சித்தரஞ்சன் யாஜ்னிக். உயரத்துக்கேற்ற எடைச் சுட்டி இருவருக்கும் ஒன்றுதான், 22.3. உடல் கொழுப்போ ஒருவருக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தெற்காசியர்களின் பத்தாயம் சின்னது. வெளியில் மெல்லிசாகத் தெரிகிறபோதே உள்ளே வழியத் தொடங்குகிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு 23 இலேயே கவனம் என்கிறார்கள். தராசை விட இடுப்பை அளக்கிற நாடா எங்களுக்கு அதிகம் சொல்லும். ஆணுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை.

எனக்கு உண்மையில் கோபம் வருகிற இடம் இதுதான். இந்தச் சண்டை முழுக்க வீட்டுக் குசினிக்குள்ளேயே நடக்கிறது. குற்றவாளி எப்பவும் அம்மாவின் தாச்சி. நாங்கள் சாப்பிடுகிற கொழுப்பில் எவ்வளவு வீட்டுக்கு வெளியே தீர்மானமாகிறது? ரியூசன் முடிய றோல்ஸ், வேலை முடிய பற்றிஸ், ராத்திரி கொத்து. பேக்கரி மாஜரினும் மாவுக்குப் போடுகிற கொழுப்பும் பெரும்பாலும் பாம் எண்ணெயில் இருந்து வருவது. பாம் எண்ணெயில் பாமிற்றிக் அமிலம் மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல். வடைச் சட்டியில் எண்ணெய் எத்தனையாவது தரமாகக் கறுக்கிறது என்று யாரும் எங்களுக்குச் சொல்வதில்லை. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் அஃப்ளரொக்சின் இருப்பதாகப் பிடிபட்டு நாடே கொதித்தது. அடுத்த மாதம் பாம் எண்ணெய் இறக்குமதிக்குத் தடை அறிவித்து, முள்தேங்காய்ச் செய்கையையும் கட்டங்கட்டமாக அகற்றச் சொன்னார்கள். மண்ணையும் நீரையும் தென்னையையும் பற்றி விவாதம் நடந்தது. நடக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த எண்ணெய் இல்லாவிட்டால் பேக்கரிக்குள் எந்தக் கொழுப்பு வரும், அது எங்கட ஈரலை என்ன செய்யும் என்று கேட்ட குரல் என் காதில் விழவில்லை. 2016 இல் குளிர்பானப் போத்தலில் சீனிக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறம் ஒட்ட வைத்தார்கள். நல்ல வேலை. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கிற பற்றிஸுக்கு எந்த நிறம்?

ஆகவே நான் கேட்பது இதுதான். வட்ஸ்அப்பில் அமிர்த வீடியோ வந்தால் அதை அனுப்பின பெரியப்பாவோடு சண்டை பிடிக்க வேண்டாம். "பெரியப்பா, குளிசையை மட்டும் டொக்டரைக் கேட்காமல் விடாதேங்கோ" என்று ஒரு வரி எழுதுங்கோ. அந்த ஒரு வரி ஒருவரின் காலைக் காப்பாற்றலாம். வீட்டில் சொதியையும் சம்பலையும் துரத்த வேண்டாம், அளவாகச் சாப்பிடலாம். பொரிக்கிறதைக் குறைத்து, இடைக்கிடை நல்லெண்ணெய்க்கு மாறலாம். அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிரம்பாத கொழுப்பு, எங்கட ஊருக்குப் புதிசும் இல்லை. விலை கூடத்தான், ஆனால் கரண்டியில் குடிக்கிறதுக்கு இல்லையே. பிஸ்கற்றுக்குப் பதில் ஒரு கை கச்சான். பொரித்த கோழிக்குப் பதில் சூடை மீன் குழம்பு. பிளேன்ரீயில் சீனியை ஒவ்வொரு அரைக் கரண்டியாக இறக்குங்கோ. 2017 இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஆய்வில், சீனி வருத்தம் வந்து ஆறு வருஷத்துக்குள் இருந்தவர்கள் மருத்துவக் கண்காணிப்போடு எடையைக் குறைத்தபோது ஒரு வருஷத்தில் 46 சதவீதத்தினர் மருந்தில்லாமல் சீனிக் கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள். மாமாவுக்கு அந்த ஆறு வருஷம் கடந்துவிட்டது. எனக்கும் உங்களுக்கும் இன்னும் தொடங்கவில்லை.

மாமா இப்போது முழுக் குளிசையும் போடுகிறார். போன கிழமை அவரிடம் ஈரல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்த எண்ணெய்ப் போத்தலை என்னடா செய்யிறது, பாதி இருக்கு" என்றார்.

"மாமியிட்டக் குடுங்கோ மாமா. கறி தாளிக்கட்டும்."